ஆளுக்குப் பாதி பாஸ்வேர்ட்

செகந்திராபாத்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மச்சினன் மணிவண்ணனுக்கு,

உன் அக்காள் புருஷன் பூபாலன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன். அங்கே பாளையங்கோட்டையில் நீயும் உன் வீட்டாரும் நலமா என்பதை நீ மட்டும் எழுதாமல், வீட்டில் இன்னொருவரையும் ஒரு வரி எழுதச் சொல்லவும். ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

கையில் போன் இருக்கும்போது அத்தான் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போன மாதம் என் மூட்டுவலியைப் பற்றி உன்னிடம் போனில் சொன்னேன். வைத்த கொஞ்ச நேரத்தில் அதே போனில் மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் வந்தது. நான் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ யாரிடம் சொன்னாய் என்று இப்போது கேட்கவில்லை, நேரில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து முழுசாக இருக்கிறதா என்று முதலில் பார். உடைந்திருந்தால் மேற்கொண்டு படிக்காதே.

விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசியில் உன் புது வீட்டுப் பால்காய்ப்பு. கூடத்தில் பெரிதாக்கி மாட்ட உங்கள் அப்பாவின் போட்டோவைக் கேட்டிருந்தாய். செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் மப்ளரோடு நின்று சிரிக்கிறாரே, அது. மாமா சிரித்த ஒரே போட்டோ அதுதான். எடுத்தவன் நான். பெண்ணை இத்தனை தூரம் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் போட்டோ போனால் எனக்கும் தாங்காது, மணிவண்ணா. அது எங்கேயும் போகவில்லை. இரண்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் திறக்க முடியவில்லை. பாஸ்வேர்டில் ஒரு பாதிதான் எனக்குத் தெரியும். மறுபாதி உன் அக்கா அன்னக்கிளிக்குத் தெரியும். அவளோ கோபித்துக்கொண்டு எங்கள் மகள் சுபாஸ்ரீ வீட்டுக்குப் போய்விட்டாள். இதே ஊரில், கச்சிபௌலியில் பதினேழாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேச்சு இல்லை.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஸ்டோர் அலமாரிக்கு இரண்டு பூட்டு என்பது உனக்குத் தெரியும். ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி சீனிவாசனிடம். ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தன் ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாது. சீனிவாசன் கல்யாண வீட்டுக்கு லீவு போட்டால் அன்றைக்கு அத்தனை பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் நான் ரிட்டயர் ஆகும் வரை ஒரு திருகாணி காணாமல் போனது கிடையாது. ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்து பார்த்தால், நம் குடும்பத்துப் போட்டோ பூராவும் ஒரு பூட்டும் இல்லாமல் கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரோ கரகரவென்று ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் கடை முகமது யூசுப்பிடம் போனேன். "போட்டோவுக்கு ஒரு காபி நக்கோ அங்கிள், போதாது, மூணு இருக்கணும். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, டிஸ்க்ல ஒண்ணு, வேற ஊர்ல ஒண்ணு" என்று தன் பாஷையில் சொன்னார். "கைக்கு?" என்று கேட்டேன். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருப்பவனுக்கு 'ஏன்' என்பது அப்படித்தான் வாயில் வருகிறது. "வீட்டுக்குள்ள தண்ணி வந்தா? தீப்பிடிச்சா? திருடன் வந்தா?" என்றார். இவ்வளவு விவரமாக என் வீட்டைப் பற்றி இவர் ஏன் யோசிக்க வேண்டும்? ஒரு டிஸ்க்கை மட்டும் அவரிடம் வாங்கினேன். இன்னொன்றை பேகம்பேட்டுக்குப் போய், முன்பின் தெரியாத கடையில் வாங்கினேன். என்னிடம் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று எந்த ஒரு கடைக்காரனுக்கும் தெரியக்கூடாது பார்.

இதைக் கேள்விப்பட்டு மருமகன் சரத் சிரித்தார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. "எதுக்கு மாமா இந்தக் கஷ்டம்? கிளவுட்ல போட்டுடுங்க, அதுவே பாத்துக்கும்" என்றார். "அது யார் வீட்டுக் கம்ப்யூட்டர்?" என்றேன். "வீடு இல்ல மாமா, ஒரு கம்பெனியோடது." "அங்கே சாவி யாரிடம்?" "உங்ககிட்டதான் மாமா." "அவர்களிடம் ஒரு சாவி இருக்குமா, இருக்காதா?" மருமகன் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "ஹவ் மாமா, இருக்கும்" என்று இந்த ஊர்ப் பாணியில் ஆமாம் போட்டார். அத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டேன்.

ஆக இரண்டு டிஸ்க், இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதில் முதல் பாதி என்னுடையது, பின்பாதி உன் அக்காவுடையது. ஒருவர் பாதி இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டதும் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவோம். நான் ஒற்றை விரலால், தப்பு வராமல் இருக்க ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்து, நிதானமாக அடிப்பேன். அடித்து முடித்ததும் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். அவள் தன் பாதியை அடிப்பாள். அவள் கெட்டிக்காரி, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் காலண்டரில் தேதி பார்ப்பதற்குள் அடித்து முடித்துவிடுவாள். என்னால்தான் இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப அடிக்க நேரும், அவள் ஒரு நாளும் தப்பாக அடித்ததில்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் கணக்கு இடித்தது. டிஸ்க்கில் இருக்கிற போட்டோவை விடக் கம்ப்யூட்டரில் குறைவாக இருந்தது. கொஞ்ச நஞ்சமில்லை, ஏகப்பட்டது. யாரோ உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று கூச்சல் போட்டேன். உன் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "நான்தான் அழிச்சேன். தம்பி தெனமும் அனுப்புத ரோசாப்பூவும் காலை வணக்கமும்தான் அதுல முக்காவாசி. அதையெல்லாம் மூணு இடத்துல பூட்டி வச்சு யாருக்கு என்ன லாபம்?" என்றாள். உண்மைதான், உன் ரோஜாப்பூக்களை வைத்து ஒரு தோட்டமே போடலாம். அதற்காக? அது சொத்துப் பதிவில் ஏறிவிட்டது இல்லையா? ஒரு சாவிக்காரர் இன்னொரு சாவிக்காரருக்குத் தெரியாமல் அழிக்கலாமா? ஆபீஸில் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். விளக்கம் கேட்டு ஒரு மெமோ எழுதி, சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வேறு யாருக்காவது சாவியைக் கொடுத்திருக்கிறாளா என்றும் ஒரு வரி அதில் கேட்டிருந்தேன். அந்த ஒரு வரிதான் வினையாகிவிட்டது. அவள் அதைப் படித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். குழம்பை இறக்கி வைத்துவிட்டு சுபாஸ்ரீக்குப் போன் போட்டாள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து நான் தயிர்சாதம்.

அவள் போன பிறகு கம்ப்யூட்டரும் என்னிடம் வாலாட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் தானாகவே திரை நீலமாகி, ஏதோ வேலை நடப்பதாகவும் அதுவரை அணைக்கக் கூடாது என்றும் எழுதிக் காட்டியது. என் வீட்டுக் கரண்டில் ஓடிக்கொண்டு என்னையே அணைக்காதே என்கிறது! எனக்குத் தெரியாமல் உள்ளே அப்படி என்ன வேலை? ஒயரைப் பிடுங்கிவிட்டேன். திரும்பப் போட்டேன், திரும்பவும் அதே நீலம், திரும்பவும் பிடுங்கினேன். இப்படி நானும் அதுவும் மாறி மாறி மல்லுக்கு நின்றதில் கடைசியில் அது அடங்கிவிட்டது. அடங்கியது அடங்கியதுதான். யூசுப் திறந்து பார்த்து, "உள்ளே எல்லாம் போச்சு அங்கிள்" என்று உதட்டைப் பிதுக்கினார். ஏற்கெனவே கரகரத்த கம்ப்யூட்டர்தானே, இனி டிஸ்க்தான் கதி. சுபாஸ்ரீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டினேன். பாஸ்வேர்ட் கேட்டது. என் பாதியை மட்டும் அடித்துப் பார்க்கலாமே என்று நீ நினைப்பாய். ஒற்றைச் சாவியோடு அலமாரிப் பக்கம் போனவன் வேலையை இழந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் தொடவில்லை.

இன்னொரு டிஸ்க் உன்னிடம்தான் இருக்கிறது. பொங்கலுக்கு நாங்கள் அங்கே வந்தபோது உஸ்மானியா பிஸ்கட் டப்பாவில் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, சிவப்பு அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தேனே, அது. போன வாரம் வீடியோவில் பேசினாய். உன் முதுகுக்குப் பின்னால் அந்த டப்பா தெரிந்தது. மூடியில் அரக்கைக் காணோம். உன் சின்ன மகள் அதற்குள் கை விட்டு ஒரு முறுக்கை எடுத்ததையும் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. முறுக்கு உள்ளே போனால், உள்ளே இருந்தது எங்கே போனது என்று மட்டும் ஒரு வரி எழுது.

இப்போது நான் ஒண்டியாக உட்கார்ந்து யோசிப்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். உன் அக்காவின் பாதி என்னவாக இருக்கும்? ஆள் பெயராகத்தான் இருக்கும். அவளுக்கு நம்பர் ஞாபகம் நிற்காது. யார் பெயர்? சுபாஸ்ரீ பெயரா? உன் பெயராக இருக்குமோ என்று எனக்குப் பலமான சந்தேகம். தம்பி என்றால் அவளுக்கு உயிர், ரோஜாப்பூவை மட்டும்தான் அழிப்பாள். என் பெயராக இருக்குமா என்று ஒரு நாள் யோசித்தேன். மெமோ வாங்குவதற்கு முன்னால் வைத்த பாஸ்வேர்ட்தானே, ஒருவேளை இருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து இதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆகையால் நீ செய்ய வேண்டியது. அக்காவுக்குப் போன் போடு. அப்பா, பால்காய்ப்பு என்று உருக்கமாகப் பேசி, நான் எழுதியது தெரியாமல், அவளுடைய பாதியை வாங்கிவிடு. வாங்கியதும் அதை எனக்குச் சொல்லிவிடாதே! இரண்டு பாதியும் ஒருத்தனுக்குத் தெரியக்கூடாது. நீ ரயிலேறி இங்கே வா. நான் என் பாதியை அடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், நீ அக்கா பாதியை அடி, அப்பாவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போ. அது யார் பெயர் என்று மட்டும் ஜாடையாகச் சொன்னால் போதும். உன் பெயராக இருந்தால் சொல்ல வேண்டாம்.

உன் புது வீட்டில் எல்லாச் செல்வமும் நிறையட்டும், நல்ல பூட்டாகப் போடு. குழந்தைகளுக்கு என் ஆசி, முறுக்கு எடுத்த பிள்ளைக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் அத்தான்
பூபாலன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிக் குறுக்கே கையெழுத்தும் போட்ட பிறகு நானே பிரித்து இதை எழுதுகிறேன். கையெழுத்து உடைந்திருக்கும், பரவாயில்லை, படி.

சாயங்காலம் உன் அக்கா பிரஷர் மாத்திரை எடுக்க சரத்தோடு வந்தாள். மேஜையில் லேப்டாப்பும் டிஸ்க்கும் இருப்பதைப் பார்த்தாள். உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். பழக்க தோஷத்தில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் திரையில் மாமா மப்ளரோடு சிரிக்கிறார். "என் பாதி உனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன். "ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான அடிப்பீய. எனக்கு மட்டுமா? கீழ் வீட்டுக்கே தெரியும்" என்றாள். "சரி, உன் பாதி என்ன?" "எனக்கு ஏது பாதி? நீங்க செவத்தப் பாத்துக்கிட்டு நிப்பீய, நான் என்டரத் தட்டுவேன். உங்களுக்குத் தெரியாம நான் எதப் பூட்டி வைக்கணும்?"

அப்படியானால் வாராவாரம் வேலையை விட்டுவிட்டு எதற்கு வந்து உட்கார்ந்தாய் என்று கேட்டேன். சரத் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாக, "கல்யாணமான புதுசுல நீங்க என்னைக் கூப்பிட்ட பேருல்லா உங்க பாதி. அத வேற எங்க போய்க் கேக்க?" என்றாள். மருமகன் மறுபடியும் ஃபேனைப் பார்த்தார்.

ஆகவே மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அக்காவுக்குப் போன் போடாதே, ரயிலேறாதே. அப்பா போட்டோவைச் சரத் உனக்கு அனுப்பிவிட்டார். டப்பாவில் முறுக்கே இருக்கட்டும். பொங்கலன்று உன் வீட்டிலும் நான் அந்த டிஸ்க்கைத் திறந்தேன், நீ பக்கத்தில்தான் நின்றாய். அந்தப் பெயர் உன் காதில் விழுந்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடு. உன் அக்கா உள்ளே குழம்பு வைக்கிறாள். இந்தக் கடிதம் அவள் கண்ணில் படவே கூடாது, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. கிழித்த துண்டுகளை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.