குறி தவறாதவருக்கு ஆறுதல் சொன்ன கதை

மனிதர்களில் குறி தவறாதவர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது வெகு சுலபம். அவர் எய்தது, எறிந்தது, அடித்தது, சொன்னது எதுவும் இன்றுவரை குறியை விட்டு விலகியதில்லை. குறிதான் சில வேளைகளில் அவரை விட்டு விலகிப் போயிருக்கிறது.

குப்பைக் கூடையை நோக்கி ஒரு காகித உருண்டையை எறிவார், அது கூடைக்கு வெளியே விழும், "ஆர் இந்தக் கூடையைத் தள்ளி வைச்சது?" என்று வீடு முழுக்கக் கேட்பார். பாட்மின்டன் ஆட வருவார். பூப்பந்து கோட்டைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதும். மண்டபத்தில் கோடு போட்டவனுக்குக் கண் சரியில்லை என்பார். காரைப் பின்னுக்கு எடுத்துப் பக்கத்து வீட்டுக் கடிதப் பெட்டியைச் சாய்ப்பார். இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்து, அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்ப்பார். நிற்கத் தெரியாத பெட்டி! மன்னிப்பா? பெட்டி வந்து கேட்டால் கொடுப்பார்.

ஆக்லாந்தில் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு முழுமையான, முற்றிப் பழுத்த மாதிரியைப் பார்க்க ஆசைப்பட்டால் நீங்கள் கிளென் ஈடனில் மகேசன் வீட்டுப் பின் வளவுக்குத்தான் வரவேண்டும். பென்ரோஸில் ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வையாளர், நல்ல மனிதர், யாருக்கு வீடு மாற வேண்டும் என்றாலும் கட்டில் தூக்க முதல் ஆளாக வந்து நிற்பவர். (கட்டில் கதவில் இடித்தால் கதவு ஒடுக்கம்.) இப்படிப்பட்ட மனிதரின் கையில் விதி ஒரு வில்லைக் கொடுத்தது. கப்பியும் கம்பியும் வைத்த புதுமோஸ்தர் வில். அன்றிலிருந்து துணி காயும் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் மான் நின்றது. அதைச் சுற்றியிருந்த வேலிப் பலகை முழுக்க அம்பு பட்ட ஓட்டைகள். மானில்? இரண்டொன்று இருக்கும்.

"ஏனப்பா, வேலி முழுக்க ஓட்டையாக் கிடக்கு?" என்று மனைவி அன்னம் ஒருநாள் கேட்டாள்.

"வேலிக்குத்தான் அடிச்சனான்," என்றார் மகேசன். "நடுப் பலகைக்குக் குறி வைச்சு, நடுப் பலகையிலையே அடிச்சனான். நீ வடிவாப் பார்."

இதற்கு மேல் ஒரு மனைவி என்னதான் சொல்ல முடியும்? துவாய்களை வீட்டுக்குள் காயப்போடத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டில் அரவிந்த் இருந்தார். திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை, இளகிய மனசு. யாராவது முகம் வாடி நின்றால் அரவிந்தால் தாங்க முடியாது. செத்த வீட்டுக்கும் போவார், செல்போன் தொலைந்த வீட்டுக்கும் போவார், இரண்டு இடத்திலும் ஒரே அளவு கண் கலங்குவார். ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமைக் காலையில், ஹெலென்ஸ்வில்லுக்கு அப்பால் ஒரு பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மகேசன் மான் வேட்டைக்குப் புறப்பட்டபோது, தேநீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர் இவர்தான்.

மான் வந்தது. நிசமாகவே வந்தது! பைன் மரங்களுக்கு வெளியே புல்வெளி விளிம்பில் கொம்பும் குளம்புமாய் ஒரு கலைமான் வந்து நின்று, ரப்பர் மானைப் போலவே பக்கவாட்டில் திரும்பியும் கொடுத்தது. மகேசன் நாணை இழுத்தார். விட்டார். மான் ஒரு துள்ளுத் துள்ளி, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, வயிற்று வலிக்காரன் மருந்துக்கடைக்குப் போவதுபோல மெல்ல மெல்ல நடந்து, மானூக்காச் செடிகள் அடர்ந்த பற்றைக்குள் மறைந்தது.

"பட்டுட்டுது!" மகேசன் குதித்தார். "நெஞ்சு! நேரா நெஞ்சு!"

வாசகரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வில் வேட்டைக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: நெஞ்சில் பட்ட மான் தலைதெறிக்க ஓடிக் கொஞ்சத் தூரத்திலேயே விழுந்துவிடும், வயிற்றில் பட்ட மான்தான் இப்படி முதுகை வளைத்துக்கொண்டு நடந்து போய், முதல் மறைவில் படுத்துக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிட்டுப் பல மணி நேரம் காத்திருந்தால், படுத்த இடத்திலேயே உயிர் போயிருக்கும். உடனே துரத்தினாலோ அந்தப் பாவப்பட்ட ஜீவன் எழும்பிவிடும். வலியோடு மலை மலையாய் நடக்கும். பிறகு யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. மகேசனுக்கு இது தெரியாதா? தலைகீழாகத் தெரியும். அரவிந்துக்கே அவர்தான் தேநீர் ஆறிப்போகும்வரை பாடம் எடுத்திருக்கிறார்.

ஆனால் காத்திருக்க வேண்டுமென்றால் வயிற்றில் பட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் குறி தவறியதாக ஆகிவிடும். குறி எப்படித் தவறும்?

"அண்ணே, அது முதுகை வளைச்சுக்கிட்டு மெதுவால்ல போச்சு?"

"நல்ல அடி தம்பி. நல்ல அடி பட்டால் அப்பிடித்தான் பணிவாப் போகும்."

மானை ஊடுருவிப் போன அம்பு புல்லில் கிடந்தது. அதில் பச்சையும் மண்ணிறமுமாய் ஏதோ அப்பியிருந்தது.

"பச்சையா இருக்கேண்ணே?"

"புல்லிலை விழுந்தால் பச்சை ஒட்டாதோ?"

"நாத்தம் வேற அடிக்குது."

"இது மாட்டுப் பண்ணை, தம்பி. மல்லிகைப்பூ வாசமோ வரும்?"

இதற்குள் மகேசன் கைபேசியை எடுத்து உறவுக்காரர் குழுவில் போட்டும்விட்டார்: "மான் பட்டுட்டுது. நாளைக்கு மத்தியானம் எங்கடை வீட்டை எல்லாரும் வாங்கோ." பதில்கள் பொரிந்தன. மங்கரேயிலிருந்து சற்குணம், தொடையைத் தனக்கு எடுத்து வைக்கும்படி கேட்டார். கல்யாணி, புட்டோ இடியப்பமோ என்று கேட்டாள். வசீகரன் தன் வீட்டு விறாந்தைச் சுவருக்குக் கொம்பைக் கேட்டான். மான் இன்னும் உயிரோடு, வலியோடு, பற்றைக்குள் எங்கேயோ மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் தொடை மங்கரேக்குப் போய்விட்டது, கொம்பு சுவரில் ஏறிவிட்டது, மிச்சத்துக்கு இடியப்பம் முடிவாகிவிட்டது! இனி மகேசனால் காத்திருக்க முடியுமா? வில்லைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பற்றையை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவர் இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் மான் எழும்பியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து அரவிந்தின் கைபேசி அடித்தது. அன்னம். குழுவில் வந்ததைப் பார்த்ததும், தன் புருஷன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய கைபேசியோ பதில்களில் மூழ்கிக் கிடந்தது.

"தம்பி, அவர் இப்ப ஒரு நிலையிலை இருக்க மாட்டார். நீங்கள்தான் அவரோடை ஆறுதலா இருக்கவேணும். ஆறுதலாக் கதைச்சு, ஆறுதலாக் கூட்டிக்கொண்டு வாங்கோ, என்ன?"

"கண்டிப்பாக்கா," என்றார் அரவிந்த். குரல் தழுதழுத்தது. ஓடிப் போய் மகேசனை மறித்து, தோளில் கை வைத்தார்.

"அண்ணே, மனசை விட்டுடாதீங்க."

"என்ன?"

"எல்லா அம்பும் பட்டுடுமாண்ணே? தவறுறது சகஜம். நீங்க ஒண்ணும் தப்பானவர் இல்ல."

மகேசனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குறி தவறாதவரைத் திட்டலாம், கடன் வாங்கிவிட்டு ஏமாற்றலாம், மன்னித்துவிடுவார். ஆறுதல் மட்டும் சொல்லக் கூடாது.

"ஆர் தவறினது? பட்டது ஐசே!"

"அக்கா எல்லாம் சொன்னாங்க. அழாதீங்கண்ணே."

"நான் எங்கை அழுறன்?"

"உள்ளுக்குள்ள அழுவறீங்க. அதுதாண்ணே ஆபத்து."

"அவ என்ன சொன்னவ எண்டு சொல்லும் பாப்பம்!"

"ஆறுதலா இருக்கணும்னாங்க. ஆறுதலாப் பேசணும்னாங்க. வீடு வரைக்கும் ஆறுதல் சொல்லியே கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

மகேசன் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆறுதலா எண்டால் மெதுவா, ஐசே! அவசரப்படாமல்! அவ என்னை மெதுவாப் போகச் சொன்னவ!"

"ஆறுதல்னா ஆறுதல்தானேண்ணே?"

"எங்கடை ஊர்த் தமிழிலை அது மெதுவா!"

ஏதோ ஒரு பழைய கணக்கு அரவிந்துக்குள் ஓடியது. முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"அப்போ... எனக்கு விசா வராம இழுத்தடிச்சப்போ, வாராவாரம் அக்கா, 'ஞாயிற்றுக்கிழமை ஆறுதலா வாங்கோ'ன்னு கூப்பிட்டாங்களே?"

"சமையல் முடியச் சுணங்கும், மெதுவா வாரும் எண்டு."

"ஊர்ல கூட ஒருத்தரும் கேக்கல. இங்க ஒரு அக்கா நம்ம கஷ்டம் தெரிஞ்சு ஆறுதல் குடுக்கக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சுத்தாண்ணே அந்த ஆறு மாசமும் தாக்குப் பிடிச்சேன்." அரவிந்த் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்து, உண்மையாகவே அழத் தொடங்கினார்.

இப்போது என்ன செய்வது? ஒரு பக்கம் பற்றைக்குள் மான். மறு பக்கம் கட்டையில் மனிதன். மகேசன் வில்லைப் பார்த்தார், பற்றையைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார். பிறகு கட்டையில் குந்தினார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

"இஞ்சை பாரும் தம்பி. அவ சொல்லுக்கு அர்த்தம் மெதுவா எண்டதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இறால் குழம்பு உமக்கெண்டே வைச்சது. எனக்கு இறால் ஒத்துவராது."

"நிஜமாவா?"

"பின்னை! உம்மடை விசா வரும் எண்டு நான் அப்பவே சொன்னனான். நான் சொல்லி எது நடக்காமல் போனது?"

அவர் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அரவிந்துக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. தேநீர் முடிந்தது. கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் சம்பலும் முடிந்தன. வெயில் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் சாயத் தொடங்கியது. சரித்திரத்திலேயே, வயிற்றில் பட்ட மானுக்குக் கொடுக்கவேண்டிய அவகாசத்தை முழுதாகக் கொடுத்த முதல் குறி தவறாதவர் மகேசனாகத்தான் இருக்கவேண்டும். கொடுக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

பிறகு தேடினார்கள். நெஞ்சில் பட்ட மானின் தடத்தில் இரத்தம் வாரி இறைத்திருக்கும். இங்கே பத்தடிக்கு ஒரு சொட்டு. கடைசிச் சொட்டு கண்ட இடத்தில் அரவிந்த் ஒரு துண்டு கழிப்பறைக் காகிதத்தைக் கொடியில் கட்டி அடையாளம் வைக்க, மகேசன் முழந்தாளில் தவழ்ந்து அடுத்த சொட்டைத் தேடினார். முதலில் வாய் ஓயவில்லை: "நெஞ்சு இரத்தம் உள்ளுக்கைதான் வடியும்." போகப் போகப் பேச்சுக் குறைந்தது. ஒரு சொட்டுமே அகப்படாமல் நெடுநேரம் சுற்றியபோது அடியோடு நின்றுபோயிற்று. கண்டுபிடிக்க முடியாமல் போனால்? இப்போது அவர் மனதில் சற்குணத்தின் தொடையும் இல்லை, வசீகரனின் சுவரும் இல்லை. எங்கேயோ ஒரு மூலையில் அது இன்னும் கிடந்து துடிக்குமே என்பது மட்டும்தான் இருந்தது. கடவுளே, முடிஞ்சிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

முடிந்திருந்தது. சிற்றோடைக் கரையில், பெரிய பன்னமரத்தின் கீழ், படுத்த மாதிரியே மான் செத்துக் கிடந்தது. யாரும் துரத்தாததால் அது அதிக தூரம் போகவில்லை. மகேசன் பக்கத்தில் மண்டியிட்டு அதன் கழுத்தைத் தடவினார். பிறகு அம்பு போன இடத்தைப் பார்த்தார். பின் வயிறு. நெஞ்சுக்கும் அதற்கும் நடுவே ஒரு பாட்மின்டன் மட்டையையே வைக்கலாம்.

பாவம், எவ்வளவு வலித்திருக்கும்! ஆயுளில் ஒரு தடவைகூட அவர் வாயில் வராத ஒரு வாக்கியம் மெல்ல எழும்பி, தொண்டைக்கு வந்து, நாக்கு நுனியில் நின்றது.

"தம்பி... நான்..."

அரவிந்த் அந்த முகத்தைப் பார்த்தார். இளகிய மனசு, பொறுக்கவில்லை.

"விடுங்கண்ணே," என்றார். "காத்து இழுத்திருக்கும்."

மகேசன் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒளி வந்தது.

"ஓம்," என்றார். "சரியான காத்து."

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அந்தக் காற்று வளர்ந்து, பைன் மரங்களை முறிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. இவ்வளவு புயலிலும் மான் வரை போன அம்பு என்று சற்குணம் வாயைப் பிளந்தார். அம்பு பட்டதும் ஆறுதலாகக் காத்திருந்த தம் பொறுமையைப் பற்றி மகேசன் தனியே ஒரு பிரசங்கம் செய்தார். அரவிந்த் ஒவ்வொரு வசனத்துக்கும் "ஆமா" போட்டார். அன்னம் மட்டும் விலா எலும்புக் கறியை மேசையில் வைத்து, "நெஞ்சுப் பக்கம். ஓட்டை ஒண்டும் இல்லை, பயப்பிடாமல் சாப்பிடுங்கோ," என்றாள்.

இதை வாசித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய முகம் ஞாபகம் வந்திருக்கும். மைத்துனராக இருக்கலாம், அலுவலகத்தில் எதிர் மேசைக்காரராக இருக்கலாம். இதை உடனே அவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்றுகூடக் கை துறுதுறுத்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அவரும் இதை வாசித்து, விழுந்து விழுந்து சிரித்து, உங்களை நினைத்துக்கொள்வார். ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்களுக்கு எங்கேயாவது சுருக்கென்றதா? இல்லையா? கொஞ்சமும் இல்லையா?

அப்படியானால் நான் உங்களுக்குக் குறி வைக்கவே இல்லை. காற்றுத்தான் இழுத்திருக்கும்.