சுட்டுவிரலில் ஏறிய மோதிரம்

ரமணன் ஒரு கள்ளன். என் பெரியப்பாவின் மகன்தான், அதற்காக மாற்றிச் சொல்ல முடியாது.

நாங்கள் இருவரும் வவுனியாவில் ஒரே துப்பாக்கி சுடும் கழகத்தில் இருந்தோம். சின்னத் தோட்டா போட்டு இலக்குக்குச் சுடுகிற பிஸ்டல், கழகத்துக்குச் சொந்தம், பூட்டித்தான் வைத்திருப்பார்கள். எனக்குச் சொந்தமானது, அதில் பொருத்திச் சுடுகிற மரக் கைபிடி மட்டும். ஆனாலும் ஊரில் "என்ர பிஸ்டல்" என்றுதான் கதைப்பேன். (குழல் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் நான்தானே!)

கைபிடி உள்ளங்கைக்குப் பொருந்தாவிட்டால் குறி தவறும். மாவட்ட அணியில் ஒரே ஓர் இடம். தெரிவுப் போட்டி திங்கட்கிழமை. அக்காவின் கலியாணம் ஞாயிறு. கலியாணத்தன்று காலையில் கைபிடி திருத்தப் போனவன் நான். அந்த மடத்தனத்துக்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

ரமணனுக்கு ஸ்கந்தபுரத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ். இரண்டு பசைகளைக் கலந்து, மாப்போலப் பிசைந்து கைபிடியில் அப்பினான். காய்ந்தால் கல்.

"இறுக்கிப் பிடிடா. பத்து நிமிசம் அசையாத."

"வெறுங்கையாலயோ?"

"பின்ன? கையுறை போட்டுக்கொண்டே சுடப்போறாய்?"

நியாயமாகத்தான் பட்டது. பிடித்தேன். அச்சு அருமையாக விழுந்தது. கைதான் வெளியே வரவில்லை. விசையை அழுத்த வேண்டிய சுட்டுவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தோம். ரமணன் அரத்தை எடுத்தான். நான் ஓடிவிட்டேன்.

கையைத் துவாயால் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவ வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். இடக்கையால் செம்பைத் தூக்கினேன்.

"தம்பி, சோத்துக் கையால ஊத்தும்!" என்றார் ஐயர்.

துவாய் நழுவி விழுந்தது. மரக் கைபிடியும் நீட்டிய விரலும் நேராக மாப்பிள்ளையின் வயிற்றைப் பார்த்தபடி.

அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "தம்பி, சத்தியமா உங்கட அக்காவைக் கண்கலங்காமப் பாப்பன்!"

மண்டபமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மோதிர விரலுக்கு அளவெடுத்த மோதிரத்தை, வலக்கையில்தான் போட வேண்டும் என்று, அதில் வெளியே இருந்த ஒரே விரலில் அத்தான் அழுத்தி ஏற்றினார். ஏறியது. இறங்கவில்லை.

பின்னேரம் அம்மா தேங்காயெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கைபிடியைக் கழற்றினார், என் தோலில் கொஞ்சத்தோடு. மோதிரம் அசையவில்லை. திங்கட்கிழமை விரல் கதலிப்பழம்போல வீங்கி, விசை வளையத்துக்குள் நுழையவே மாட்டேன் என்றது. அணியில் இடம் ரமணனுக்குப் போனது.

வாழ்த்தப் போனபோதுதான் அவனுடைய கைபிடியை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். போன வருடம் அவனே செய்தது. காய்ந்த பசையில் பிளாஸ்டிக் சொப்பிங் பையின் சுருக்கங்கள் அப்படியே பதிந்திருந்தன. பசை ஒட்டாதபடி தன் கையில் பை சுற்றிக்கொண்டுதான் பிடித்திருக்கிறான்!

ஆசாரி வெட்டியெடுத்த மோதிரம் அலுமாரியில் கிடக்கிறது. அத்தான் இன்றும் என்னைக் கண்டால் கைகளை உயர்த்துகிறார். இப்போது அவருடைய மூன்று வயது மகளும் உயர்த்துகிறாள்.

"மறந்துபோனன்ரா" என்று பையைப் பற்றிக் கேட்டால் ரமணன் என் காதுக்குள் சொல்கிறான். காதுக்குள் சொல்வதெல்லாம் எனக்கு வேண்டாம். வருகிற மாதம் அந்தக் குட்டி மருமகளின் பிறந்தநாளுக்குக் குடும்பம் முழுக்கக் கூடும். கேக் வெட்ட முன்னம், எல்லாருக்கும் கேட்க எழும்பி நின்று சொல்லடா ரமணா: பை சுற்ற வேண்டும் என்று அன்றைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா?