திருகாணி ஓடவில்லை

சினிமா தியேட்டரில் என் மனைவியை வாய் திறக்காமல் உட்கார வைப்பது என்று சபதம் எடுத்தேன். இதற்கு முன் யாரும் முயன்றதில்லை. அவளைப் பெற்றவரே முயன்றதில்லை.

அவள் படம் பார்க்க மாட்டாள், விசாரணை நடத்துவாள். இவன் யாரு, அவ ஏன் அழறா, போன சீன்ல சட்டை நீலமா இருந்துதே. சட்டை விஷயத்தில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. தையற்காரி. பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, இடுப்பு பெருத்தவர்களின் பேண்ட் எல்லாம் எங்கள் முன்னறை வழியாகத்தான் உலகத்துக்குப் போகின்றன. ஆனால் இந்த ஒரு படத்தை நான் விசாரணை இல்லாமல் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் படமாக வந்திருப்பது ‘நிழல் விழாத கிரகம்’.

பத்து வயதில் படித்த நாவல். ஒரு கேப்டன், பழுதாகி வேற்றுக்கிரகத்தில் இறங்கிவிட்ட ஒரு கப்பல், ரிப்பேர் வேலைக்கு ஒரு இயந்திரம். இயந்திரத்தின் பெயர் திருகாணி. மூன்று கால், நெஞ்சில் ஒரு பச்சை விளக்கு. பேசாது, விளக்கை மட்டும் சிமிட்டும். கடைசி அத்தியாயத்தில் கப்பலில் மின்சாரம் தீர்ந்துபோகும். கேப்டன் தூங்கும்போது திருகாணி தன் பேட்டரியைத் தானே கழற்றிக் கப்பலுக்கு மாட்டிவிடும். கப்பல் கிளம்பும். பச்சை விளக்கு அணையும். அதைப் படித்த அன்று நான் சோறு தொடவில்லை. பெரியவனானதும் திருகாணி மாதிரி ஆவது என்று முடிவு செய்தேன், ஆகியும் விட்டேன். லிஃப்ட் மெக்கானிக். விண்வெளிக்கு ஆசைப்பட்டவன் பன்னிரண்டாவது மாடி வரை போய் வருகிறேன், அதுவும் லிஃப்ட் நடுவில் நிற்காமல் இருந்தால்.

இப்போது இந்தச் சபதத்துக்குக் காரணமான மூலைக்கு வருகிறேன். எங்கள் முன்னறையின் ஜன்னல் மூலையில் என் சாய்வு நாற்காலி, புத்தக அலமாரி, பச்சைக் கூடு போட்ட படிக்கும் விளக்கு. வீட்டில் எனக்கென்று இருக்கும் சொத்து அவ்வளவுதான். மனைவிக்கோ துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்க வேண்டும், அதை வெளிச்சமான இடத்தில் போட வேண்டும். வெளிச்சமான இடம் என்று வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். வெகுநாளாக அந்த எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“அங்க நீங்க படிக்கறதில்லீங்க, தூங்கறீங்க. தூங்கறதுக்கு எதுக்கு வெளிச்சம்?”

நியாயமான கேள்வி. அதனால் பதில் சொல்லவில்லை. பதிலுக்குப் பதிலாகத்தான் அந்த மகத்தான யோசனை பிறந்தது.

“ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். படம் ஓடும்போது யார் முதல்ல வாயத் திறக்கறாங்களோ அவங்களுக்கு மூலை கிடையாது. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.”

“இடைவேளையில?”

“பேசிக்கலாம்.”

“இருமினா?”

“இருமல் பேச்சுல சேராது.”

“நீங்க பேசிட்டா மூலை எனக்கு.”

“நான் எதுக்குப் பேசப்போறேன்?”

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சரி என்றாள். டிக்கெட்டையும் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னாள். மனைவி உடனே சரி என்று சொன்னால் கணவன் அந்த இடத்திலேயே உஷாராகிவிட வேண்டும். எனக்கு அதில் அனுபவம் போதாது. அவள் அதுவரை எதற்கும் உடனே சரி என்று சொன்னதில்லை.

தியேட்டரில் எனக்கு வலது பக்கம் மனைவி. இடது பக்கம், எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். நீங்க எங்க சார் இங்க என்று கேட்பதற்குள் விளக்கு அணைந்து படம் ஆரம்பித்துவிட்டது. கேள்வியை விழுங்கிக்கொண்டேன்.

முதல் காட்சியிலேயே திருகாணி பேசியது. பேசியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஜோக் அடித்தது. மூன்று கால் இரண்டாகியிருந்தது. ஏன் என்பது பாட்டு வந்ததும் தெரிந்தது. மூன்று காலோடு டான்ஸ் ஆட முடியாதல்லவா. நாவலில் கேப்டன் தனிக்கட்டை. படத்தில் அவருக்கு ஒரு காதலி, காதலிக்கு ஒரு தங்கை, தங்கைக்கு ஒரு நாய், நாய்க்கு ஒரு ஹெல்மெட். நிழலே விழாத கிரகத்தில் ஆளாளுக்கு இரண்டு நிழல் விழுந்தது. நான் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். துப்பட்டாவைப் பாதி முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் சாய்ந்திருந்தாள். இவளுக்கு இவ்வளவு மனக்கட்டுப்பாடா என்று கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இடைவேளையில் கொட்டித் தீர்த்தேன். கால், பாட்டு, நாய், நிழல் ஒன்றையும் விடவில்லை. முன்வரிசைக்காரர்கள் காபி ஆறுவது தெரியாமல் கேட்டார்கள். மனைவி கொட்டாவியை மறைத்துக்கொண்டு “அப்படியா” என்றாள்.

இரண்டாம் பாதியில் போஸ்ட்மாஸ்டர் என் காதுப்பக்கம் சாய்ந்தார். நாவலிலும் நாய் உண்டு, தான் படித்திருப்பதாகச் சொன்னார். கைக்குட்டையைக் கடித்தேன். காதலி கேப்டனின் அத்தை மகள் என்றார். இன்னும் அழுத்திக் கடித்தேன். கிரகத்தில் நிழல் விழாததற்குக் காரணம் மேகமூட்டம் என்றார். வேலையிலிருந்த காலத்தில் இவர் தபாலையும் இப்படித்தான் வீடு மாற்றிக் கொடுத்திருப்பார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. மூலைக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. பாட்டு நின்றது. நாயைக் காணோம். கேப்டன் தூங்குகிறார். திருகாணி, படத்தில் முதல் தடவையாக ஒரு வார்த்தை பேசாமல், தன் நெஞ்சுக் கதவைத் திறந்தது. பச்சை விளக்கு சிமிட்டியது. வாயிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த ஒன்றை மட்டும் சரியாக எடுத்துவிட்டார்கள். அதற்காக நாயைக்கூட மன்னித்துவிட்டேன்.

இடது காதில் போஸ்ட்மாஸ்டரின் மூச்சு பட்டது.

“இது சினிமாவுக்காக மாத்தினது தம்பி. நாவல்ல திருகாணி பயந்து, கேப்டனை விட்டுட்டு ஓடிப்போயிடும்.”

மூலை போகட்டும். நாற்காலி போகட்டும். எழுந்து நின்றேன்.

“திருகாணி ஓடலை.”

எனக்கு லிஃப்ட் குழிக்குள் நின்று மேல்மாடிக்குக் குரல் கொடுத்துப் பழக்கம். தியேட்டர் மொத்தமும் திரும்பியது. ஓடலைய்யா, உக்காரு என்று பின்னாலிருந்து யாரோ சமாதானம் சொன்னார்கள்.

மனைவி கண் விழித்தாள். ஆமாம், விழித்தாள். சீருடை ஆர்டர் முடித்த களைப்பில் டைட்டில் ஓடும்போதே தூங்கி, இடைவேளைக்கு எழுந்து, மறுபடியும் தூங்கியிருக்கிறாள். நான் மனக்கட்டுப்பாடு என்று நினைத்தது இதைத்தான்.

“பேசிட்டீங்களா?” என்றாள்.

வெளியே வந்ததும் போஸ்ட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாவலைத் தான் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம். என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை என் வீட்டம்மாதான் சொல்லிக்கொடுத்தாராம். கடைசி விஷயத்தைப் பச்சை விளக்கு சிமிட்டும்போதுதான் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவாம். கூலி, அவருடைய இரண்டு பேண்ட்டுக்கு இடுப்பு பிரித்துக் கொடுப்பது.

“அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லையே நீ,” என்றேன் அவளிடம். “அந்த இடத்துல சொன்னா நான் தாங்க மாட்டேன்னு எப்படித் தெரியும்?”

“கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு அந்தக் கதையைச் சொல்றீங்க. ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல உங்களுக்குக் குரல் கம்முது. நான் தையக்காரிங்க. எந்த நூலை இழுத்தா பிரியும்னு தெரியாதா?”

கோபப்பட வேண்டிய நேரம். எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷமும் துணி வெட்டிக்கொண்டே கேட்டவள் காதில் கதை விழவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஓவர்லாக் மிஷின் போன வாரமே வந்து போஸ்ட்மாஸ்டர் வீட்டில் பதுங்கியிருந்தது. அதை மாடியிலிருந்து இறக்கியது நானும் அவரும்தான். நாற்காலி கதவுக்குப் பின்னால் போனது. மிஷின் மூலைக்கு வந்தது. அளவு கச்சிதம், என்றைக்கோ டேப் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

“அந்த மூலைல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தாங்க இருக்கு,” என்றாள்.

அதில் என் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கு என்று அவள் சொல்லவில்லை. துணியை மிஷினில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நானே குனிந்து விளக்கைப் பிடுங்கினேன். நானே மிஷினை மாட்டினேன். பச்சை அணைந்தது, மிஷின் கிளம்பியது.

“நன்றி, திருகாணி,” என்றாள் தலை நிமிராமல்.

திருகாணி பேசாது. கண்ணை மட்டும் சிமிட்டினேன்.