கூறைப் புடவையும் மூடாத இணைப்பும்

நானே எழுதிய புரோகிராமால் என் கூறைப் புடவைக்கே பில் போட முடியாமல் நின்றவள் நான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள எட்டு வருடம் பிடித்திருக்கிறது.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்காக, விற்பனைப் பெண்கள் கையில் வைத்தே பில் போடும் சின்ன மெஷினுக்கு மென்பொருள் எழுதியிருந்தேன். புடவையை ஸ்கேன் செய்தால், மெஷின் கடையின் சர்வரோடு ஓர் இணைப்பைத் திறந்து விலையைக் கேட்கும். பதில் வந்ததும் இணைப்பை மூட வேண்டும். நான் மூடவில்லை. (மறதி இல்லை, எல்லாம் தானாக மூடிக்கொள்ளும் என்ற தன்னம்பிக்கை!) திறந்து கிடக்கும் ஒவ்வோர் இணைப்பும் மெஷினின் நினைவகத்தில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; இடம் தீர்ந்தால் மெஷின் திணறி நின்றுவிடும். சோதனையில் பத்துப் புடவை ஸ்கேன் செய்தோம். கைதட்டினார்கள். முகூர்த்த சீசனில் பத்தோடு யார் நிறுத்துவார்கள்?

சீசனின் முதல் ஞாயிற்றுக்கிழமை, என் பெருமையை நேரில் காட்ட, எனக்கு நிச்சயமாகியிருந்த கார்த்திக்கையும் மயிலாப்பூரிலிருந்து அவன் அம்மாவையும் (எனக்கு மாமி) அதே கடைக்கு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் அலசி, அரக்கு நிறத்தில் ஒன்றை மாமி தேர்ந்தெடுத்தார். விற்பனைப் பெண் ஸ்கேன் செய்தாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாடி இது, சுத்திக்கினே கீது?" என்று தோழியிடம் கேட்டாள்.

"என்னுதும் அப்டித்தான் கீது."

மாடி முழுக்க அதே கதை. கையில் பட்டும் முகத்தில் எரிச்சலுமாக ஒரு கூட்டமே நின்றது.

"எந்தப் பிரகஸ்பதிடி இத எழுதினான்?" என்று மாமி என்னிடமே கேட்டார். "தெரிஞ்சவனா இருந்தா சொல்லு, நாலு வார்த்தை கேக்கணும்."

கார்த்திக் வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன். அதற்குள் கடை முதலாளி, திருநெல்வேலிக்காரர், ஓடிவந்தார்.

"ஏம்மா, நாங்க போன் போடுததுக்குள்ள நீங்களே வந்துட்டியளே!" மாமியிடம் திரும்பி, "இந்தப் பிள்ளதாம்மா எல்லாத்தையும் எழுதினது" என்றார்.

மாமி என்னைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

"சரி, இப்போ என்ன பண்ணணும்?"

"அணைச்சிட்டு மறுபடி போடணும், மாமி" என்று முனகினேன். அணைத்தால் நினைவகம் காலியாகும். கொஞ்ச நேரம் ஓடும்.

"குடு இங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமி அணைக்க, நான் போட, கார்த்திக் மாடிப்படி ஏறி இறங்கி மெஷின்களை விநியோகித்தான். சாயங்காலம் வரை இதே வேலை. எங்கள் புடவைக்குக் கடைசியில்தான் பில். விடுபட்ட அந்த ஒரே வரியை மறுநாள் எழுதிச் சேர்த்தேன்.

கல்யாணமான முதல் மாதம், ஏதோ கோபத்தில் கார்த்திக் உம்மென்று உட்கார்ந்திருந்தான். ஹால் நிறைய உறவினர்.

"என்னடி பாத்துண்டு நிக்கற?" என்றார் மாமி, வெகு இயல்பாக. "அன்னிக்குப் பண்ணின மாதிரி ஒரு தடவ அணைச்சு விடு, சரியாயிடுவான்."

ஹாலே அதிரச் சிரித்தது. மாமிக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சமையலறைக்குள் போனவர், வெளியே வர அரைமணி ஆனது. இன்றும் எங்கள் வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அணைக்கச் சொல்லி எனக்குத்தான் உத்தரவு வருகிறது. மாமி மட்டும் அந்த வார்த்தையைத் தொடுவதே இல்லை. அடுப்பைக்கூட 'ஆஃப்' தான் பண்ணுகிறார்.