குசினிப் படத்துப் புள்ளிகள்

அன்று ஒருநாள், ரொம்பத் தூரத்து அன்று அல்ல, போன ஆனி மாசம்தான், ஒரு பக்கம் உப்புக்காற்றும் மறுபக்கம் நிலக்கரித் தூசியும் வீசுகிற தூத்துக்குடியிலே கிளாட்வின் என்று ஒரு புருஷன் இருந்தான். அவனுக்கு ஒரு வீடு, ஒரு மனைவி, ஒரு கார். மூன்றில் அவன் திருப்பினால் திரும்புவது கார் மட்டும்தான்.

அதனாலேயே காரின் மேல் அவனுக்கு உயிர். இரண்டு கை மாறி வந்த பழைய கார். இருந்தாலும் உப்புக்காற்று அதைத் தின்ன விடுவதில்லை என்று முடிவு கட்டி, வீட்டின் கிழக்குச் சுவரில் சாய்த்து ஒரு தகர ஷெட் போட்டான். காலையில் ஒரு துடைப்பு, சாயங்காலம் ஒரு துடைப்பு. “என்ன, முகம் வாடியிருக்கு?” என்று அவன் மனைவி ஈவாஞ்சலினிடம் கேட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. காரிடம் கேட்டதைத் தெருவே பார்த்திருக்கிறது.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கார். இந்தப் பக்கம் குசினி. ஷெட்டு வந்த நாளிலிருந்து உச்சிவெயிலிலும் குசினியில் டியூப்லைட் எரிந்தாக வேண்டும். கரண்டு போனால் சமையல் ஜெபத்தோடு நடக்கும்.

“ஷெர்லின் அப்பா, இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வைக்கணும்,” என்றாள் ஈவாஞ்சலின். மகள் பேரை வைத்துத்தான் அவனைக் கூப்பிடுவாள். பனிமய மாதா கோவில் கொடியேற்றத்துக்கு இருபது நாள் இருந்தது. “திருவிழாவுக்கு எங்க வீட்டு ஆளுக பூரா வாராக. இந்த இருட்டுல மீன் ஆய முடியல. முள்ளு எது, சதை எதுன்னு தடவித்தான் பாக்கேன்.”

“ஜன்னல் வச்சா ஷெட்டைப் பிரிக்கணும்லா?”

“பிரிங்க.”

“கார் வெயில்ல நிக்குமே ஏளா!”

“நின்னா கறுத்தா போயிரும்? அதைப் பொண்ணு பாக்க வாராகளா?”

கிளாட்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த வீட்டில் ஒரு தடவையாவது கடைசிப் பேச்சு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் சபதம் செய்தான். அவன் தொழிலே அதற்குக் கைகொடுக்கும் என்று தோன்றியது. கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் போட்டுக் கொடுப்பவன் அவன். இன்ஜினியர்மார் அந்தப் படத்தைக் காட்டித்தான் வீடு கட்டுகிறவர்களைத் தலையாட்ட வைப்பார்கள்.

“நம்ம குசினியை அளந்து அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்துதேன். சூரியன் எங்கன நிக்கோ அங்கன சூரியன். வென்டிலேட்டர் எவ்வளவோ அவ்வளவு வென்டிலேட்டர். நான் போடுற படம் பொய் சொல்லாது. வெளிச்சம் தாராளம்னு அதுவே காட்டும்.”

“காட்டலைன்னா?”

“காட்டும்.”

“காட்டலைன்னா?”

“படம் எதைக் காட்டுதோ அதைச் செய்வோம். என் வாக்கு.”

ஈவாஞ்சலின் உடனே சரி என்று தலையாட்டினாள். அங்கேதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

மறுநாள் காலை டேப்பும் கையுமாகக் குசினியை அளந்தான். சுவரை எழுப்பினான். வெளியே ஷெட்டையும் வைத்தான். அடுப்பு, மிக்சி, ஊறுகாய் பாட்டில், சுவரில் தொங்கும் மாதா காலண்டர் எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்து பட்டனைத் தட்டினான். கம்ப்யூட்டர் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற கப்பல் மாதிரி முழங்கியது. அரைமணி நேரத்தில் படம் வந்தது.

ஒரே இருட்டு. இருட்டின் மேல் யாரோ ஒரு படி ரவையைத் தூவிவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

ஈவாஞ்சலின் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஐ! நம்ம குசினியேதான்.”

“இல்லளா, இது கோளாறு. படத்துல புள்ளி விழுந்திருக்கு.”

“எனக்கும் அங்கன நின்னா இப்படித்தான் புள்ளி புள்ளியாத் தெரியுது. எம்புட்டு நேர்மையான கம்ப்யூட்டர்!”

கிளாட்வின் பல்லைக் கடித்தான். கம்ப்யூட்டர் இன்னும் உழைக்கட்டும் என்று கணக்கை எட்டு மடங்கு ஏற்றினான். அது மூச்சு வாங்கிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் உழைத்தது. ரவை மைதாவாக மாறியது. இருட்டு அசையவில்லை.

சரி, படத்தையே வெளுப்பாக்குவோம் என்று வெளிச்ச அளவைக் கூட்டினான். புள்ளிகளும் கூடவே வெளுத்தன. இப்போது குசினி உப்பளத்தில் அடித்த புயல் மாதிரி இருந்தது.

புள்ளியைத் துடைக்கிற வசதி ஒன்று உண்டு. அதைத் தட்டினான். புள்ளி போயிற்று. கூடவே ஊறுகாய் பாட்டிலின் எழுத்தும், அடுப்பின் பர்னரும் போயின. எல்லாம் உருகின மெழுகுவர்த்தி மாதிரி வழுவழு என்று நின்றன.

வெங்காயம் உரித்துக்கொண்டே ஈவாஞ்சலின் படத்தை உற்றுப் பார்த்தாள்.

“காலண்டர்ல மாதா முகத்தை எங்க?”

“அது... புள்ளியோட புள்ளியா துடைச்சிருச்சு.”

“கொடியேத்தத்துக்கு இருபது நாள்கூட இல்லாத நேரத்துல மாதா முகத்தை அழிச்சா விளங்குமா? முதல்ல அதைக் கொண்டாங்க!”

மாதாவைத் திரும்பக் கொண்டுவந்தான். புள்ளிகளும் திரும்ப வந்தன. கடைசியில் ஒரு கள்ளவேலை செய்தான். குசினிக்கு நடுவில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அது படத்தில் தெரியாமல் மறைத்து வைத்தான். படம் பளிச்சென்று வந்தது.

“பாத்தியா! எம்புட்டு வெளிச்சம்?”

“எங்கிருந்து வருது?”

“மேல ஒரு லைட்டு இருக்கு.”

“எங்க?”

“கண்ணுக்குத் தெரியாது. ஆனா எரியும்.”

“ஒயர் உண்டா?”

“கிடையாது.”

“கரண்டு பில்லு?”

“வராது.”

“அப்போ எனக்கு அதுல ரெண்டு வாங்கித் தாங்க. கோழிக்கூட்டுக்கு ஒண்ணு போடணும்.”

கிளாட்வின் விளக்கை அணைத்தான்.

இப்போதுதான் அவனுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. உள்ளதை உள்ளபடி போட்டால் இருட்டு. இருட்டு என்றால் அவள் கட்சி ஜெயிக்கும். வெளிச்சமாகப் போட்டால் பொய். பொய் என்றால் தன் தொழிலே நாறும். அவன் யாரோடு மல்லுக்கு நிற்கிறான், மனைவியோடா, கம்ப்யூட்டரோடா? காலையில் எதற்காக உட்கார்ந்தோம் என்பதே நாலு மணிக்கு மங்கலாகிவிட்டது. அதிலும் புள்ளி விழுந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஈவாஞ்சலின் பெருமூச்சு விட்டாள்.

“பாளையங்கோட்டை ரோட்டுல ரெக்சன்னு ஒருத்தன் படம் போடுதானாமே. அவன் படத்துல ஒரு புள்ளி இருக்காதாம். கண்ணாடியைத் துடைச்சு வச்ச மாதிரி இருக்குமாம்.”

“ரெக்சனா? அவன் எங்கிட்ட வேலை படிச்ச பய!”

“அப்போ நல்லாப் படிச்சிருக்கான்.”

கிளாட்வினுக்குக் காது சிவந்தது. “ஏளா, புள்ளி ஏன் வருதுன்னு உனக்குத் தெரியுமா? வெளிச்சம் உள்ள வர வழியில்ல. கம்ப்யூட்டர் அதைத் தேடித் தேடிப் பாக்குது. கிடைச்ச இடத்துல ஒரு புள்ளி, கிடைக்காத இடத்துல இருட்டு. அம்புட்டுத்தான் சங்கதி.”

“அப்போ வழி வச்சா?”

“ஒரு புள்ளி நிக்காது.”

“உங்களுக்கு அந்த வழி வைக்கத் தெரியாதாக்கும்.”

“எனக்கா தெரியாது? நகரு!”

அவன் விரல்கள் பறந்தன. கிழக்குச் சுவரில் நாலடிக்கு மூன்றடி ஒரு ஓட்டை போட்டான். சட்டம் மாட்டினான், கம்பி மாட்டினான், கண்ணாடிக் கதவு மாட்டினான். காலைச் சூரியனை நேர் எதிரே நிறுத்திப் பட்டனைத் தட்டினான். அப்போதும் படம் மந்தமாகத்தான் வந்தது. என்னவோ ஒன்று வெளிச்சத்தை மறிக்கிறது. திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிடைத்துவிட்டது! வெளியே தகரம் ஒன்று சாய்ந்து நின்றது. “இந்தச் சனியன்தானா!” என்று அதை அழித்தான்.

நாலே நிமிஷம். படம் வந்தது.

அடடா! அடுப்பு மின்னியது. ஊறுகாய் பாட்டிலில் தயாரித்த தேதி வரைக்கும் தெரிந்தது. காலண்டரில் மாதா சிரித்தாள். தேடினாலும் ஒரு புள்ளி இல்லை. கிளாட்வின் எழுந்து நின்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான்.

“இப்ப சொல்லு, ரெக்சன் பெருசா, நான் பெருசா?”

“நீங்கதான். ரெக்சன் உங்க காலடியில நிக்கணும்.” ஈவாஞ்சலின் கன்னத்தில் கை வைத்து வியந்தாள். “இதைப் பெருசாப் பிரிண்டு போட்டு, கீழ உங்க கையெழுத்தையும் தேதியையும் போட்டுத் தாங்க. நாலு பேருக்குக் காட்டணும்.”

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் அவனைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கையெழுத்து கேட்டாள், இரண்டு போட்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெளியே தகரம் கலகலக்கிற சத்தம். கிளாட்வின் ஓடிப்போய்ப் பார்த்தான். கொத்தனார் சுடலைக்கண்ணன் ஏணியில் நின்று ஷெட்டின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே ஈவாஞ்சலின் அந்தப் படத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள்.

“அண்ணாச்சி! என்ன செய்யுதீங்க?”

“படத்துல உள்ளதைத்தான் சார் செய்யுதேன். புருஷன் ஒண்ணு சொல்லி, பொஞ்சாதி ஒண்ணு சொல்லி, ஒரே சுவத்தை ரெண்டு தரம் இடிச்சு ரெண்டு தரம் கட்டினவன் நான். இப்போ கையெழுத்துப் போட்ட படம் இல்லாம சுத்தியலைத் தொடுறதில்ல. நீங்க ரெண்டு கையெழுத்துல்லா போட்டிருக்கீங்க!”

“அய்யோ, அது புள்ளி போறதுக்காகச் சும்மா வச்ச ஜன்னல்!”

“எதுக்கு வச்சாலும் நாலுக்கு மூணு, நல்ல அளவு. காத்து பிச்சுக்கிட்டு வரும்.”

“சரி, ஜன்னலாவது படத்துல இருக்கு. ஷெட்டை ஏன் பிரிக்கீங்க?”

சுடலைக்கண்ணன் ஏணியிலிருந்தபடியே படத்தைக் குனிந்து பார்த்தார். “படத்துல ஷெட்டே இல்லையே சார்.”

“அதை நான் அழிச்சிட்டேன்.”

“நானும் அதைத்தான் செய்யுதேன்.”

கிளாட்வின் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபமும் இல்லை, கொக்கரிப்பும் இல்லை. வேலை முடிந்த ஆள் முகம்.

“படம் எதைக் காட்டுதோ அதைச் செய்வோம்னு சொன்னீகளா இல்லையா?”

“சொன்னேன். ஆனா...”

“பொய் சொல்லாத படம்னும் சொன்னீகள்லா?”

அவனுக்கு மறுபடி தலை சுற்றியது. எங்கேயோ ஒரு இடத்தில் தான் ஜெயித்திருந்தோம் என்று நன்றாக ஞாபகம் இருந்தது. எந்த இடம் என்றுதான் பிடிபடவில்லை.

ஒன்பது மணிக்குத் தகரம் முழுக்க இறங்கிவிட்டது. சுடலைக்கண்ணன் சுவரில் சாக்பீஸால் நாலுக்கு மூன்று கட்டம் போட்டார். சாயங்காலத்துக்குள் இடித்து விடலாம், உளி எடுத்து வருகிறேன் என்று சைக்கிளில் ஏறிப் போனார். ஈவாஞ்சலின் படத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போகப் போனவள், வாசல்படியில் நின்று திரும்பி, இன்னும் வராத ஜன்னலைப் பார்த்தாள்.

“ஷெர்லின் அப்பா, அந்தக் காரை எங்கயாவது தள்ளி விட்டுட்டு வாங்க. சாக்பீஸ் ஜன்னலுக்கே வெளிச்சத்தை மறைக்கு.”

அவள் உள்ளே போய்விட்டாள். கிளாட்வின் சாவியை எடுத்துக்கொண்டு, தெருவில் எந்த வீட்டு முன்னால் மரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்து போனான்.