காற்றைப் பார்த்த கதவு

அன்பும் மரியாதையும் நிறைந்த என் அப்பா மட்டியூசிக்கு (வயது இருபத்தாறு),

உன் மகள் பீப்பிலி எழுதிக்கொள்வது. என் தகப்பனார் கண்மூடிய மாதத்தில் பிறந்து அவர் பெயரை வாங்கிக்கொண்டவன் நீ. அக்கா பெற்ற பிள்ளையானாலும் எனக்கு நீ அப்பாதான். தலைநகரத்து வீட்டுவசதி அலுவலகத்தில் உனக்கு நாற்காலி கிடைத்து நீ அதில் நலமாக உட்கார்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலமில்லை. எங்களுக்கும் நாற்காலி இருக்கிறது, அது இருக்கிற வீட்டுக்குள் போகத்தான் வழியில்லை. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றுப்போனதால் எழுத்தில் பிழை இருக்கும், அப்பாவாக இருந்து பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். வடகோடியில் இருக்கிற நம் பனி ஊருக்குக் கட்டிக்கொடுத்த பன்னிரண்டு புது வீடுகளில் ஒன்பதாம் நம்பரில் அக்டோபரில் குடியேறினோம். வெள்ளைச் சுவர், பெரிய சமையலறை, வேட்டையில் பிடித்த கடல்நாய் ஒன்றைத் தரையில் போட்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அறுத்தாலும் முழங்கை இடிக்காது, நான் இரண்டு நாள் சும்மா சிரித்துக்கொண்டே திரிந்தேன். நவம்பரில் முதல் புயல் வந்தது. நம்ம ஊரில் காற்று வடமேற்கிலிருந்து வரும் என்பது நாய்க்குக்கூடத் தெரியும், அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் படுக்கும். பன்னிரண்டு வீட்டின் கதவும் நேராக வடமேற்கைப் பார்த்து நிற்கிறது. காலையில் கதவை உள்பக்கம் இழுத்தேன், கதவு வந்தது, எதிரே பனியில் இன்னொரு கதவு நின்றது, கைப்பிடிக்குக் குழிகூட விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் லூகாசி பனியை வெட்டினார், மறுநாள் மூடியது, வெட்டினார், மூடியது, பத்தாம் நாள் மண்வெட்டி உடைந்தது, பதினோராம் நாள் அவர் உடைந்தார். அதிலிருந்து சமையலறை ஜன்னல்தான் எங்களுக்கு வாசல். வீடு தூண்மேல் நிற்பதால் சறுக்குவண்டியைச் சாய்த்து ஏணியாக வைத்திருக்கிறோம். உன் மாப்பிள்ளையின் வயிறு உனக்குத் தெரியும், எந்த ஜன்னலையும் நினைத்து வளர்ந்த வயிறல்ல அது. போன வாரம் பாதியில் சிக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜேபீட்டி கீழே வந்து நின்றான்.

"என்ன மச்சான், வெளியே வர்றியா, உள்ளே போறியா?"

"உனக்கு அது எதுக்குடா?"

"வெளியே வர்றதா இருந்தா இப்படியே வேட்டைக்குப் போலாம். உள்ளே போறதா இருந்தா தங்கச்சிகிட்ட ஒரு ஆறுதல் சொல்லிட்டுப் போறேன்."

"வாயை மூடிக்கிட்டுத் தள்ளுடா!"

"எந்தப் பக்கம் தள்றதுன்னுதானே கேக்கிறேன்."

நான் உள்ளேயிருந்து காலைப் பிடித்து இழுத்தேன். கால்சட்டை மட்டும் வந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன் பனிமேட்டைத் தாண்டிக் குழாய் இழுக்க மாட்டேன் என்கிறான். கழிவு வண்டிக்காரனும் அதே பாட்டுத்தான். கழிவுத் தொட்டி நிறைந்தால் சிவப்பு விளக்கு எரிந்து குழாய்த் தண்ணீர் தானாக நின்றுவிடும், இந்த மாதம் அந்த விளக்கு எரியாத நாளை எண்ண ஒரு கை போதும். பனியை உருக்கித் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று நான், அவர், அக்கா மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்கிறேன், அக்காவிடம்கூடச் சொல்லாதே. இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் பெல்லமி என்ற அந்த வீட்டு வரைபடக்காரர் தெற்கேயிருந்து வந்தாரே, நல்ல மனிதர், கொடுத்த பச்சை ஈரலைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியவர், பொதுக்கூடத்தில் ஊரைக் கூட்டி, "உங்க முன்னோர்கள் வாசலை எந்தப் பக்கம் வெச்சாங்க? உங்க வழக்கப்படியே கட்டணும்னு எனக்கு ஆசை" என்று கேட்டார். இப்படி ஒருத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றால் நான் என்ன செய்வேன்? "வடமேற்குத்தானுங்க. காத்துதான் எங்களுக்கு முதல் விருந்தாளி. அது சுத்திக்கிட்டு வரலாமா?" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எழுதிக்கொண்டார். ஆனால் விவரமானவர், கூட்டத்தைப் பார்த்து, "அப்படியா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்து குளிரை ஏன் உள்ளே விடவேண்டும் என்று புருவத்தைத் தூக்குகிற ஜனம் நாம். நாற்பது பேர், ஒரு உதடு அசையவில்லை, எண்பது புருவமும் ஒன்றாக மேலே போயின. பாதிரியாருடையதும்தான். ஒருத்தர் ஆரம்பித்த கேலியை இன்னொருத்தர் கெடுப்பது நம்மிடம் ஏது? விமானம் ஏறுமுன் ஜேபீட்டி சொல்லிவிடுவான் என்று நான் இருந்தேன், நான் சொல்லிவிடுவேன் என்று ஜேபீட்டி இருந்தான், அவர் ஊருக்கே கை காட்டிவிட்டுப் பறந்து போனார். இப்போது தினமும் ஊர் வானொலியில் ஒவ்வொருவராக வந்து அந்த மனிதரைத் திட்டுகிறார்கள். நானும் இரண்டு முறை போய்ப் பேசினேன். என் குரல்தான் எல்லாவற்றிலும் ஓங்கி இருந்ததாகச் சொன்னார்கள்.

இதுவரை சிரித்துவிட்டாய் என்றால் சரி, இனிமேல் சிரிக்காதே. என் மகள் லீட்டியா பிரசவத்துக்குத் தெற்கே போனாளே, பிறந்து மூன்று வாரமாயிற்று, பெண் குழந்தை. என் அம்மாவின் பெயரை வைத்திருக்கிறாள். மூன்று வாரமாக என் அம்மா திரும்பவும் இந்த உலகத்தில் இருக்கிறாள், நான் அவளை இன்னும் தூக்கவில்லை. நேற்றுப் போனில் கூப்பிட்டேன்.

"கதவு இல்லாத வீட்டுக்குக் கைக்குழந்தையத் தூக்கிட்டு நான் வரமாட்டேம்மா."

"ஜன்னல் இருக்கேடி."

"ஜன்னல் வழியாக் குடுக்க அவ என்ன தபாலா?"

"உன் அப்பா கீழேருந்து தூக்கிக் குடுப்பார், நான் மேலேருந்து வாங்கிக்குவேன்."

"அப்பாவே மாட்டிக்கிட்டாராமே. ஜேபீட்டி மாமா வானொலியில சொன்னாராம், இங்க வரைக்கும் சிரிக்கிறாங்க."

அங்கேயே தோழியோடு ஓர் அறை பார்த்திருக்கிறாளாம். வேலையும் தருவதாகச் சொல்கிறார்களாம். அப்படி அறை பார்த்தவர்களை நான் அறிவேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்பார்கள், பிறகு படம் அனுப்புவார்கள். நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை மரமாகி, ஆணியடித்து, என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறது அப்பா. ராத்திரி தூக்கம் வரவில்லை. யாரைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை, ஜேபீட்டி பயந்துபோய் எனக்கு உடம்புக்கு என்ன என்று மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

ஆகவே உடனே ஆள் அனுப்பி, ஒன்பதாம் நம்பருக்காவது தென்கிழக்குப் பக்கம் சுவரை அறுத்து ஒரு கதவு வைக்க ஏற்பாடு செய். யார் சொல்லி வடமேற்கில் வைத்தார்கள் என்று அலுவலகத்தில் கேட்டால் காகிதத்தைத் தேடுவது போல் குனிந்துகொள். அக்கா உனக்குக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள், இரண்டும் ஒரே அளவாக வரும் என்று எதிர்பார்க்காதே. காற்று உன் முதுகுப் பக்கமே வீசட்டும், உன் தேநீர் ஆறாமல் இருக்கட்டும்.

துக்கத்தோடும், பசிக்குக் குறைவில்லாமலும்,
உன் மகள் பீப்பிலி

பின்குறிப்பு: இன்று ஜூலை பதினெட்டு. மேலே உள்ளதைப் பிப்ரவரியில் எழுதி, தபாலில் போட மேலங்கிப் பையில் வைத்து முன்னறையில் மாட்டியிருந்தேன். அன்றே புயல் வெளிக்கதவை உடைத்துக்கொண்டு வந்து முன்னறையை மேலங்கியோடு பனியால் நிரப்பிவிட்டது. போன வாரம்தான் கரைந்து வெளியே வந்தது. கதவு திறந்ததைக் கேட்டு லீட்டியாவும் வந்துவிட்டாள். என் அம்மாவைத் தூக்கிவிட்டேன், என் மூக்கைப் பிடித்து இழுக்கிறாள், உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். கதவைத் தொடாதே. கொசு வந்துவிட்டது, காற்று நேராக அடிப்பதால் எங்கள் பன்னிரண்டு வாசலில் மட்டும் ஒன்றுகூட உட்காருவதில்லை. குழந்தை வாசற்படியிலேயே தூங்குகிறது, உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. ஊரின் பழைய வீடுகளில் இருக்கிறவர்கள் தேநீரோடு இங்கேயே கிடக்கிறார்கள். தங்கள் கதவையும் வடமேற்குக்குத் திருப்பித் தரச் சொல்லி மனு எழுதியிருக்கிறார்கள், அதில் முதல் கையெழுத்து என்னுடையது. இதைச் சொன்னதே பீப்பிலிதான் என்று எல்லாருக்கும் திடீரென்று ஞாபகம் வந்திருக்கிறது. மனுவை இத்தோடு இணைத்திருக்கிறேன், பெரிய அதிகாரியிடம் கொடு. செப்டம்பர் பிறந்ததும் மனுவை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் பின்குறிப்பை விட்டுவிட்டு, கடிதத்தை முதல் வரியிலிருந்து படி. படித்ததும் ரம்பத்தோடு ஓடி வா.