லக்னப் பத்திரிகையும் இரண்டு லினக்ஸ்காரர்களும்

என் நாட்குறிப்பில், ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இவ்வளவுதான் இருக்கிறது: "தேனுவின் நிச்சயதார்த்தம். நல்ல வெயில். பாயசம் நன்று. அச்சு வரவில்லை."

நான்கும் உண்மை. ஆனால் தோற்ற போரைப் பற்றிக் கல்வெட்டு வெட்டியவர்களும் இப்படித்தான் பாயசத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். கடைசி இரண்டு சொற்களுக்குப் பின்னால், என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்த கதை இருக்கிறது. நிறுத்தப் பார்த்தவன் நான். எனக்குத் துணை நின்றவர் மாப்பிள்ளை.

தேதி, ஆதாரம், சான்று என்று அலைகிற ஆள் நான். திருவொற்றியூரில் எந்தத் தெருவுக்கு எப்போது தார் போட்டார்கள் என்பதுவரை குறித்து வைத்திருக்கிறேன். (கேட்கத்தான் ஆள் இல்லை.) இப்படிப்பட்டவனுக்குக் கணினியில் எது பொருந்தும்? லினக்ஸ். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றியமைக்கலாம் என்கிற இயங்குதளம். அதில் வகைகள் ஏராளம். நான் தேர்ந்தெடுத்தது டெபியன். எந்த மென்பொருளையும் நெடுநாள் சோதித்து, பழுத்த பிறகுதான் அதில் உள்ளே விடுவார்கள். கொஞ்சம் பழையதாக இருக்கும், கவிழாது. அதற்கு நேர் எதிர்முனை ஆர்ச். அங்கே எல்லாமே இன்று காலை வந்ததுதான். அதைப் பயன்படுத்துகிறவர்கள் பல் துலக்குவதற்கு முன் கணினியைப் புதுப்பிப்பார்கள். புதுப்பித்த செய்தியை ஊருக்குச் சொன்ன பிறகுதான் பல்.

இரண்டும் ஒரே மரத்துக் கிளைகள். புளியந்தோப்பில் எதிரெதிர் கேரம் கிளப்காரர்களும் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள். ஸ்ட்ரைக்கரை மட்டும் இரவல் தரமாட்டார்கள்.

மாப்பிள்ளை முத்துராஜின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்தில் இரும்புச் சாமான் மொத்தக் கடை. பிள்ளை மட்டும் கடைக்குப் போகாமல் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார். பெண் பார்க்க வந்த அன்று தேனு காபி கொடுத்தாள். அவர் அவளைப் பார்த்தார், மலர்ந்தார். பிறகு அலமாரியிலிருந்த என் மடிக்கணினியில் ஒட்டியிருந்த டெபியன் சின்னமான சிவப்புச் சுழியைப் பார்த்தார்.

"டெபியனா மச்சான்?" என்றார். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிற குரல்.

"ஆமா. நீங்க?"

"ஆர்ச்."

வரப்போகும் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாது என்பது வீட்டு விதி. சிரித்தேன். தாடை வலித்தது.

அப்பா அப்போது உயிரோடு இல்லை. அவர் இடத்தில் நின்று நிச்சயத்தை நடத்தவேண்டியவன் நான். எங்கள் வழக்கப்படி அன்றைக்கு லக்னப் பத்திரிகை எழுத வேண்டும். இன்னாரின் பெண்ணை இன்னாரின் பிள்ளைக்கு இன்ன நாளில் கொடுப்பதாகப் பெரியவர் ஒருவர் ஒரு தாளில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சபையில் உரக்கப் படித்ததும், இரு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்வார்கள். தட்டு மாறினால்தான் நிச்சயம். அதற்கு முன் எழுந்து போய்விட்டால், வந்தவர்கள் காபி சாப்பிட வந்தவர்கள், அவ்வளவுதான்.

கையால் எழுதுவது போதாது என்று நான் முடிவு செய்தேன். வருங்கால ஆய்வாளர்கள் கோழிக்கிறுக்கலோடு மல்லுக்கட்டக் கூடாதல்லவா? (எந்த ஆய்வாளர், எதற்கு எங்கள் வீட்டுக்கு வருவார் என்று அப்போது யோசிக்கவில்லை.) தட்டச்சு செய்து, ஓரத்தில் பூவேலைப்பாடு வைத்து, எதிர்வீட்டு கணேசன் சாரிடம் புத்தம்புதுப் பிரிண்டரை இரவல் வாங்கி வைத்தேன். முன்கூட்டியே சோதித்தாயா என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு மாலை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற வேண்டும். கூடத்தில் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்தாயிற்று. தாய்மாமன் கோதண்டம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அறைக்குள் தலையை நீட்டினார்.

"நைனா, பேப்பரு எங்கடா? ராகு காலம் வந்துகினு கீது."

"இதோ மாமா."

இதோ இல்லை. பிரிண்டர் புதிது, என் டெபியன் பழையது. இருவருக்கும் அறிமுகமே இல்லை. அறிமுகம் செய்துவைக்கிற நிரலை, அதாவது புதிய டிரைவரை, வெளியிலிருந்து இரண்டே வரிக் கட்டளையில் இறக்கியிருக்கலாம். ஆனால் சோதித்து முடிக்காத எதையும் என் கணினிக்குள் விடமாட்டேன் என்று இணையக் குழு ஒன்றில் பலர் முன்னிலையில் சத்தியம் செய்திருந்தேன். பெண் பார்த்த மறுநாளே மாப்பிள்ளையும் அந்தக் குழுவில் சேர்ந்திருந்தார்.

சபையில் உட்கார்ந்திருந்த அவருக்கு அறைக்குள் என்ன நடக்கிறது என்று மூக்கில் வியர்த்துவிட்டது. எழுந்து உள்ளே வந்தார்.

"என்ன மச்சான், புது டிரைவரை ஏத்துங்களேன். ரெண்டு வரிதான?"

"டெஸ்ட் ஆகாததை நான் ஏத்தறதில்ல மாப்ள."

"உங்க ஆளுங்க டெஸ்ட் பண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரப்பிள்ள பொறந்துரும்."

"பேரப்பிள்ள பொறக்கறதுக்கு முதல்ல பத்திரிகை அச்சாகணும். போய் உக்காருங்க."

போகவில்லை. காருக்குப் போய்த் தன் மடிக்கணினியை எடுத்துவந்தார், வேல் எடுத்துவருவது போல. பிரிண்டரைச் செருகினார். சலனமில்லை. அன்று காலைதான் அதன் அடிப்படை நிரலையே புதுப்பித்திருந்தார், மறுபடி துவக்கவில்லை. அந்த நிலையில் புதிதாகச் செருகும் எதையும் அது அடையாளம் காணாது.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க மாப்ள," என்றேன் தேன் ஒழுக.

பண்ணினார். முந்தின நாள் ஏதோ ஒரு கோப்பில் தானே கைவைத்திருந்ததை மறந்துவிட்டார். திரை கறுத்தது. கறுப்பில் ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டியது.

நான் சிரித்திருக்கக் கூடாது. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. "மூடி வைங்க, பாக்கவே பாவமா கீது" என்று சொல்லி, அவர் மடிக்கணினியின் மூடியை நானே பட்டென்று சாத்தினேன். விசைப்பலகையின் மேல் அவருடைய கை இருந்தது.

"ஆஆ!"

 கூடத்திலிருந்த எல்லோரும் அறை வாசலில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை கையை உதறிக்கொண்டிருந்தார். நசுங்கியது எந்த விரல் என்றால், தேனு மோதிரம் போடவேண்டிய விரல்.

அவருடைய பெரியப்பா, கடைக்கும் குடும்பத்துக்கும் மூத்தவர், முன்னால் வந்தார். "ஏல முத்து, கையக் காட்டு." பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "எதுக்குவே சண்ட? நகையில கொறையா? சீருல கொறையா?"

"டெபியன்..." என்றேன்.

"ஆர்ச்..." என்றார் மாப்பிள்ளை.

பெரியப்பா கோதண்டம் மாமாவைப் பார்த்தார். "யாரு இவனுவ ரெண்டு பேரும்?"

"தெர்லிங்க. நம்ம ஏரியா பசங்க இல்ல." மாமா என்னிடம் திரும்பினார். "இன்னாடா பண்ணி வெச்சிகீறே? வூடு தேடி வந்தவரு கைய நசுக்குவியா?"

"மாப்பிள கைய நசுக்குத வீட்ல நமக்கு என்ன சம்பந்தம்?" என்றார் பெரியப்பா. "கெளம்புங்க எல்லாரும். இன்னொரு நாள் பாப்போம்."

இன்னொரு நாள் என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  

பட்டுப்புடவை சரசரக்க உள்ளறையிலிருந்து தேனு வந்தாள். எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். லாரிக்காரர்களை அதட்டிப் பழகிய குரல். அன்று அதட்டவில்லை. பிரிண்டரின் தட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள். தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, பேனா குடு."

பெரியப்பா திடுக்கிட்டார். "பொண்ணே எழுதுததா? எங்க ஊர்ல அப்படி வழக்கம் கெடையாதும்மா."

"எங்க ஊர்லயும் கிடையாது பெரியப்பா. ஆனா நம்பி விட்ட ரெண்டு பேரு செஞ்சதைப் பாத்தீங்கல்ல?" அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "கை ரொம்ப வலிக்குதா?"

"இல்லியே."

"பொய். சரி, உங்க தாத்தா பேரை முழுசா சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பிறகு எங்கள் பக்கம். 'காலஞ்சென்ற' என்று எழுதியதும் பேனா நின்றது. அப்பாவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை அவள் கை எழுதுவது அதுதான் முதல் தடவை. ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு, பெயரை நிதானமாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாள். அதே சொல்லை நானும் தட்டச்சு செய்திருந்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓரத்துப் பூவை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

யாரும் கிளம்பவில்லை.  பெரியப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்து, "மஞ்சளக் கொண்டாங்க" என்றார். மூலைகளில் தானே தடவினார். கூடத்துக்கு எடுத்துப்போய்த் தானே உரக்கப் படித்தார், எங்கள் அப்பா பெயர் வந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. ராகு காலம் தெருமுனைக்கு வருவதற்குள் தட்டு மாறியது. வீங்கிய விரலில் மோதிரம் பாதி தூரம்தான் ஏறியது. மீதியை வீக்கம் வற்றிய பிறகு மாப்பிள்ளை தானே ஏற்றிக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. அவர்கள் வீட்டில் எந்த இயங்குதளம் என்பதைத் தேனு தேர்ந்தெடுத்தாள். டெபியனும் இல்லை, ஆர்ச்சும் இல்லை, மின்ட் என்கிற மூன்றாவது வகை. "பிரிண்ட் வருது, போதும்" என்பது அவள் விளக்கம். நானும் மாப்பிள்ளையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. (அவள் இல்லாதபோது பேசுவோம்.) எங்கள் இரண்டு குடும்பத்திலும் இன்றுவரை எந்த விசேஷத்துக்கு ஆள் எண்ணினாலும் கோதண்டம் மாமா கேட்பார்: "அந்த ரெண்டு பேரு வர்றானுங்களா? டெபியனும் ஆர்ச்சும்? அப்போ எல்லாரும் கைய மடிச்சி வெச்சிக்கோங்கப்பா." ராயபுரம் கடையில் பெரியப்பா புது ஆட்களுக்கும் இந்தக் கதையைச் சொல்கிறாராம். அவர் சொல்வதில் நசுங்கியது மூன்று விரல்.

பதிவுக்காக இன்னொன்று. கணேசன் சார் பிறகு மகன் வேலைக்காகக் காட்டுப்பள்ளிப் பக்கம் குடிபோய்விட்டார். சமீபத்தில் அவர் மனைவியைச் சந்தித்தபோது, அந்தப் பிரிண்டர் புட்டியிலிருந்து மை ஊற்றிக்கொள்கிற வகை என்றும், எங்களுக்குக் கொடுத்த அன்று அதில் இன்னும் மையே ஊற்றியிருக்கவில்லை என்றும் சொன்னார். ஊற்றியிருந்தேன் என்கிறார் சார். பிரிண்டர் பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. எனவே, அன்று அதில் மை இருந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.